தொட்டி அல்லி பூக்க உரமிடும் முறை

இராமநாதபுரக் கடலோர ஊர்களில் தொட்டியில் வளர்க்கும் அல்லி, நாள்தோறும் 6 மணி நேர வெயில் பட்டும் இலையாகவே மண்டி மொட்டு விடாதிருந்தால், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். கடற்கரை மணல் சத்தைப் பிடித்து வைக்காது. ஆகவே கண்மாய் வண்டலை ஒரு சாண் உயரத்துக்கு இட்டுக் கிழங்கை நடுவதே சிறந்தது. பச்சைச் சாணம் வேண்டாம். அது நீரை அழுகச் செய்யும்.

மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) 18 விழுக்காடு தழைச்சத்தும் 46 விழுக்காடு மணிச்சத்தும் கொண்ட டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தைச் சிறிதளவு எடுத்து, அதனுடன் பொட்டாசியம் சல்பேட்டைச் சேர்த்துக் களிமண்ணில் உருண்டையாகப் பிசைந்து, மாதம் ஒருமுறை வேரருகே ஆழப் புதைக்க வேண்டும். மலிவான பொட்டாசிய உரமான மியூரியேட் பொட்டாஷில் குளோரைடு உண்டு. உவர்நீர்ப் பகுதியில் அதைத் தவிர்ப்பதே என் வழக்கம். உரத்தை நீரில் தூவினால் அல்லிக்கு முன்பே பாசி அதை உண்டுவிடும்.

இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளித்தால், காரத்தன்மை மிகுந்த கிணற்று நீரில் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். அதற்குக் கொடுக்கிணைப்பு (கீலேட்) இரும்பு உரம் உதவும். கோடையில் நீர் ஆவியாக உப்பு செறிவதால், குறைந்த நீரைச் சேமித்த மழைநீராலோ ஊருணி நீராலோ நிரப்ப வேண்டும்.