நங்கூரத்தையும் சங்கிலியையும் எதைக் கொண்டு இணைப்பது?

மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியா இருக்கும் அப்போலோ பந்தர் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும் படகுகளைக் கவனித்தால் தெரியும். காலையில் ஒரு பக்கம் பார்த்து நிற்பவை மத்தியானம் மறுபக்கம் திரும்பியிருக்கும். மும்பைத் துறைமுகத்தில் சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றமும் வற்றமும் மாறுகின்றன. பெரிய ஓத நாட்களில் நீர்மட்ட வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டும். நீரோட்டம் திரும்பும்போதெல்லாம், சேற்றில் புதைந்திருக்கும் நங்கூரத்தைச் சங்கிலி பக்கவாட்டில் இழுக்கிறது.

நானும் இரண்டு நண்பர்களும் வைத்திருக்கும் 24 அடிப் பாய்மரப் படகில் நங்கூரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே முதலில் மாட்டியது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்விவல், அதாவது சுழலும் இணைப்பு. சங்கிலி முறுக்கிக்கொள்ளாது என்று சொல்லி விற்றார்கள். ஒரு சீசன் முடிவில் எலிஃபெண்டா தீவுக்குப் பக்கத்தில் நங்கூரத்தைத் தூக்கினால், ஸ்விவலின் கவட்டையில் ஒரு கை வளைந்திருந்தது. எங்களோடு வந்திருந்த தாராவி அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, கப்பலில் போசனாக (மேல்தள வேலையாட்களின் தலைவர்) இருந்து ஓய்வு பெற்றவர். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நேரா இழுத்தா இது தாங்கும் தம்பி. சைடுல இழுத்தா தாங்காது. நல்ல ஷேக்கிளா ஒண்ணு மாட்டுங்க" என்றார். அதிலிருந்து ஷேக்கிள்தான்: யு வடிவ இரும்பு வளைவு, அதன் வாயைக் குறுக்கே மூடும் மரை போட்ட ஆணி. அந்த ஆணிக்குப் பெயர் பின்.

1. வடிவம்

டி ஷேக்கிள் வேண்டாம், போ ஷேக்கிள் வாங்குங்கள். அதன் வளைவு அகலமானது. படகு திரும்பும்போது நங்கூரத் தண்டின் துளைக்குள் தானும் நகர்ந்து கொடுக்கும். ஷேக்கிளுக்கும் பக்கவாட்டு இழுப்பு ஆகாதுதான்: 90 டிகிரியில் இழுத்தால் அதன் தாங்குதிறன் பாதியாகிவிடும். அது தானே திரும்பி நேராக நிற்க இடம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

2. உலோகம்

சங்கிலி கால்வனைஸ் (துத்தநாகம் பூசியது) என்றால் ஷேக்கிளும் கால்வனைஸ். உப்புநீரில் ஸ்டெயின்லெஸும் துத்தநாகமும் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் கரையும். கடைசி வளையம்தான் முதலில் துருப்பிடிக்கும்.

3. அளவு

நாங்கள் மூன்று தடவை நாக்தேவி தெருவின் இரும்புச் சாமான் கடைகளுக்கு அலைந்தது இந்த இடத்தில்தான். எங்கள் சங்கிலி 8 மி.மீ. ஷேக்கிள் அதைவிட ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும் என்று 10 மி.மீ. வாங்கினோம். 10 என்பது ஷேக்கிளின் உடல் தடிமன். ஆணியான பின் அதைவிடத் தடிமன், 11 மி.மீ. சங்கிலி வளையத்துக்குள் அது நுழையவில்லை. அடுத்த முறை சின்னதாக வாங்கினோம், பின் நுழைந்தது, ஆனால் பளு போதவில்லை. மூன்றாவது முறை வளையத்தில் சரியாக இருந்தது, நங்கூரத் துளைக்குள் வளைவு போகவில்லை.

ஆகவே கடைக்குப் போகும் முன் இரண்டு வேலை. வீட்டிலுள்ள ட்ரில் பிட்டுகளைக் கடைசி வளையத்துக்குள் ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். இறுக்கமில்லாமல் நுழையும் பெரிய பிட்டின் அளவுதான் உங்கள் பின்னுக்கு உச்ச வரம்பு. அப்புறம் நங்கூரத் துளையை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். தண்டின் தடிமனையும் குறித்துக்கொள்ளுங்கள். சங்கிலியில் ஒரு துண்டு கையிலிருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

தாங்கும் பளு ஷேக்கிளின் உடலிலேயே புடைப்பாக இருக்கும்: டபிள்யூஎல்எல் 1டி (பாதுகாப்பாகத் தாங்கும் பளு 1 டன்) என்பதுபோல. எழுத்தே இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கிரேடு 30 என்ற வலிமைத் தரத்தில் 8 மி.மீ. சங்கிலி சுமார் 3 டன்னில் அறும். ஒரு டன் என்று பொறித்த தரமான ஷேக்கிள் 5 டன்னுக்கு முன் உடையாது. அது போதும்.

4. மாட்டுவது

ஷேக்கிளின் வளைவு நங்கூரத் துளையில், அதன் பின் ஆணி சங்கிலி வளையத்தில். மரையில் கிரீஸ் தடவி, ஸ்பேனரால் கடைசிவரை முடுக்குங்கள்.

5. கம்பி கட்டுவது

முடுக்கிய பின்னும் அசைவில் கழன்றுவிடும். 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியைப் பின்னின் தலைத் துளையில் விட்டு, ஷேக்கிளின் காலைச் சுற்றி மூன்று சுற்று, முறுக்கி முனையை உள்ளே மடித்துவிடுங்கள். பின் ஆணி கழலும் திசைக்கு எதிராகக் கம்பி இழுக்க வேண்டும். கட்டட வேலைக்கான கட்டுக்கம்பி வேண்டாம், சீக்கிரம் துருப்பிடித்து அறுந்துவிடும்.

பின்னர் சேர்த்தது: ஸ்டெயின்லெஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கம்பி மட்டும் ஸ்டெயின்லெஸா என்று இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கம்பியின் பரப்பு மிகச் சிறியது, அதைச் சுற்றியுள்ள துத்தநாகப் பரப்பு பெரியது. அதனால் கரைவது மிக மெதுவாகத்தான் நடக்கும். பெரிய ஸ்விவலில் அப்படி இல்லை.

ஸ்விவல் இல்லாவிட்டால் சங்கிலி முறுக்காதா என்று இன்னொருவர் கேட்டார். முறுக்கும். நங்கூரம் தரையை விட்டுத் தொங்கும்போது அந்த முறுக்கு பெரும்பாலும் தானாகவே பிரிந்துவிடும். கட்டாயம் வேண்டும் என்றால், ஷேக்கிளுக்கு அப்புறம் மூன்று நான்கு வளையம் விட்டு ஸ்விவலை மாட்டுங்கள். நங்கூரத் தண்டோடு நேராக மாட்டாதீர்கள்.

மழைக்காலம் முடிந்து படகை இறக்கும் முன் பின்னைக் கழற்றி அளந்து பார்ப்பேன். தடிமனில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் புது ஷேக்கிள்.