பர்கண்டியின் வெள்ளைச் சாலைகள்: சைக்கிளில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் கிழக்குப் பகுதியில், தீஜோனுக்கும் லியோனுக்கும் நடுவே, சோன் ஆற்றுக்கு மேற்கே இருக்கிறது தெற்கு பர்கண்டி. தூர்னு, க்ளூனி, மாகோன் ஆகிய மூன்று ஊர்களையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். பெரிய நிலம் இல்லை. ஓட்டிப் பழகியவர் ஒரே நாளில் அதைச் சுற்றி வந்துவிடலாம். அதைவிட மெதுவாக, மூன்று நாளோ நான்கு நாளோ ஓட்ட வேண்டிய இடம் அது. மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், பள்ளத்தில் வெள்ளை நிற ஷரோலே மாடுகள் மேயும் புல்வெளி, ஊருக்கு ஊர் ஆயிரம் ஆண்டுகள் நெருங்கிய கல் தேவாலயம்.

இங்கே வந்து திரும்புகிறவர்களில் சிலர், “அழகுதான், ஆனால் லாரிச் சத்தம் தாங்கவில்லை” என்பார்கள். இன்னும் சிலர், “அமைதியாக இருந்தது, ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை” என்பார்கள். இரண்டு பேரும் போனது ஒரே பகுதிக்குத்தான். இருவருமே தவறான சாலையில் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘டி’ என்றால் சின்னச் சாலை என்று நினைப்பது

பிரான்சில் சாலை எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். ‘ஏ’ என்றால் அதிவேக நெடுஞ்சாலை, அதில் சைக்கிளுக்கு இடமில்லை. ‘என்’ என்றால் தேசியச் சாலை, ‘டி’ என்றால் மாவட்டச் சாலை. மாவட்டச் சாலைதானே, ஆளரவம் இருக்காது என்று நம்பிப் போகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். 2006 வாக்கில் பிரெஞ்சு அரசு தன்னுடைய தேசியச் சாலைகளில் பெரும்பகுதியை மாவட்டங்களிடம் ஒப்படைத்தது. சாலை அதே சாலை, ஓடும் வண்டிகளும் அதே வண்டிகள், பெயர் மட்டும் ‘டி’ ஆனது. மாகோன், தூர்னு, ஷாலோன் ஊர்களை இணைக்கும் டி 906, முன்பு பாரிஸிலிருந்து தெற்கே போன பழைய தேசியச் சாலை 6. வரைபடத்தில் நேராக, சுருக்கமாக, ஆற்றை ஒட்டிப் போவது போலத் தெரியும். அதில் ஒரு மணி நேரம் ஓட்டினாலே காது அடைத்துவிடும். க்ளூனிக்கு வடக்கே போகும் டி 981-உம் வண்டிகள் விரைந்து போகும் சாலைதான். எண் ஒன்பதில் தொடங்கும் மூன்றிலக்க ‘டி’ சாலையைக் கண்டால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

இதற்கு நல்ல மருந்து, மிஷெலின் நிறுவனத்தின் காகித வரைபடம். 1:1,50,000 அளவில் மாவட்ட வாரியாகக் கிடைக்கும் வரைபடமே போதும். அதில் சிவப்பு பெரிய சாலை, மஞ்சள் இரண்டாம் நிலை, வெள்ளை ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் சின்னச் சாலை. நமக்கு வேண்டியது வெள்ளை. சாலை ஓரமாகப் பச்சைக் கோடு இழுத்திருந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று பொருள். சாலையின் மேல் அம்புக்குறி இருந்தால் ஏற்றம். அம்பு பார்க்கும் திசையில் ஏற வேண்டும். ஒரு அம்பு 5 முதல் 9 சதவீதம், இரண்டு அம்பு 9 முதல் 13, மூன்று அம்பு அதற்கும் மேல். மூன்றம்புச் சாலையை இறங்கும் திசையில் வைத்து வழியைத் திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

செல்பேசிச் செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பினால், சுருக்கு வழி என்று திராட்சைத் தோட்டத்துக்குள் போகும் மண் பாதையில் கொண்டுபோய் விட்டுவிடும். மழைக்குப் பின் அந்தச் செம்மண் டயரில் அப்பிக்கொண்டால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

பசுமைப் பாதையோடு நின்றுவிடுவது

வடக்கே உள்ள ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர் நீளத்துக்கு மோட்டார் வண்டிகளே இல்லாத ஒரு பாதை இருக்கிறது. அதைத்தான் பசுமைப் பாதை என்கிறார்கள். ரயில் ஓடாமல் போன பழைய தடத்தின் மேல் தார் போட்டு 1997-இல் திறந்தார்கள். பிறகு மாகோன் பக்கம் வரை நீட்டினார்கள். பழைய ரயில் நிலையங்கள் வழிநெடுக அப்படியே நிற்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது.

ஆனால் முழுப் பயணத்தையும் அதிலேயே முடித்துக்கொள்வது பெரிய இழப்பு. காரணம் எளிது. ரயில் ஏற்றம் ஏறாது. பொறியாளர்கள் பள்ளத்தாக்கின் சமதளம் பார்த்துத் தண்டவாளம் போட்டார்கள். துறவிகளும் பிரபுக்களும் அதற்கு நேர்மாறு, மேட்டைப் பார்த்துக் கட்டினார்கள். அதனால் ரயில் தடத்தில் போகும்போது வரலாறு எல்லாம் உங்கள் தலைக்கு மேலே, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டிருக்கும்.

கோர்மத்தானில் 17-ஆம் நூற்றாண்டு மாளிகை பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சரி. அங்கிருந்து கிழக்கே திரும்பிச் சில கிலோமீட்டர் போனால் ஷபேஸ். வயலுக்கு நடுவே சின்ன ஊர், அதற்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாத உயரத்தில் 11-ஆம் நூற்றாண்டு மணிக்கோபுரம். உள்ளே தடித்த உருளைத் தூண்கள், அவ்வளவாக அலங்காரமே இல்லை. வெயிலில் வந்து அந்தக் கல்லின் குளிர்ச்சியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. அதற்கு மேலே பிரான்சியோன். கோட்டையும் தேவாலயமும் ஒரு சில வீடுகளும் மட்டும் உள்ள குன்று. தூர்னுவிலிருந்து டி 14 வழியாக பிரான்சியோன், ஷபேஸ், கோர்மத்தான் என்று வந்து, பிறகு பசுமைப் பாதையைப் பிடித்து க்ளூனி சேர்ந்தால் 35 கிலோமீட்டர் சொச்சம். டி 14 மேட்டைத் தாண்டிப் போகும் சாலை, அதனால் மூச்சு வாங்கும். இந்தப் பகுதியில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று யாராவது கேட்டால் இந்த வழியைத்தான் சொல்வேன்.

க்ளூனிக்குத் தெற்கேயும் இதே கதைதான். பெர்ஸே-லா-வில் என்ற ஊரின் சின்னத் தேவாலயத்தில் 12-ஆம் நூற்றாண்டு சுவரோவியங்கள் இருக்கின்றன. சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்தவை 1887-இல்தான் வெளியே வந்தன. பசுமைப் பாதையில் பறக்கிறவர்கள் அந்த மேட்டைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

அந்தப் பக்கம் போகும்போது இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். க்ளூனிக்கும் மாகோனுக்கும் நடுவே புவா க்ளேர் என்ற பழைய ரயில் சுரங்கம் வழியாகப் பாதை போகிறது. ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே உறங்குவதால் மூடிவிடுவார்கள். அப்போது மலையைச் சுற்றி ஏறித்தான் போக வேண்டும். திறந்திருக்கும் மாதங்களிலும் உள்ளே குளிரடிக்கும். வியர்த்த உடம்போடு நுழையாமல் மேலே ஒரு சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், விளக்கையும் எரிய விடுங்கள்.

வலப்பக்கத்தைப் பார்க்காமல் ஓட்டுவது

இதுதான் உயிரோடு விளையாடும் தவறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரான்சில் வண்டிகள் வலப்பக்கம் போகும். இந்தியாவிலோ இலங்கையிலோ இங்கிலாந்திலோ ஓட்டிப் பழகியவர்களுக்குப் பெரிய சாலையில் இது சிக்கலே இல்லை. எதிரே வரும் வண்டிகளே நினைவுபடுத்திவிடும். ஆபத்து இருப்பது ஆள் இல்லாத வெள்ளைச் சாலையில்தான். ஒரு தேவாலயத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்து, சைக்கிளை எடுத்து, பழக்கதோஷத்தில் இடப்பக்கமாகக் கிளம்பிவிடுவோம். எதிரே யாரும் வராததால் தவறு உறைக்காது. முதல் வளைவில்தான் டிராக்டர் வரும். ஒவ்வொரு முறை நிறுத்திக் கிளம்பும்போதும் “வலது” என்று வாய்விட்டே சொல்லிக்கொள்வது நல்லது.

அடுத்தது, வலப்பக்க முன்னுரிமை. பலகையோ கோடோ எதுவும் இல்லாத சந்திப்பில், உங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை. அவர் வருவது ஒரு சந்திலிருந்தாக இருக்கலாம், நீங்கள் ஊரின் முக்கியத் தெருவில் போய்க்கொண்டிருக்கலாம். அப்போதும் அவருக்குத்தான் உரிமை. உள்ளூர்க்காரர் உங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாலையில் ஏறுவார். முரட்டுத்தனம் என்று நமக்குத் தோன்றும், ஆனால் அவர் சட்டப்படிதான் ஓட்டுகிறார். வெள்ளைக் கரையிட்ட மஞ்சள் வைரப் பலகை தெரிந்தால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள். அதே வைரத்தின் குறுக்கே கறுப்புக் கோடு விழுந்திருந்தால் அந்த உரிமை அங்கே முடிந்தது. ஊர் எல்லையில் இதை எதிர்பாருங்கள். சிவப்பு முக்கோணத்துக்குள் பெருக்கல் குறி போட்டிருந்தால், அடுத்த சந்திப்பில் வலப்பக்கத்துக்கு வழிவிட வேண்டும் என்று பொருள். இறக்கத்தில் ஊருக்குள் நுழையும்போது பிரேக் மேல் விரல் இருக்கட்டும்.

ஊருக்கு வெளியே உங்களைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். பின்னால் வண்டி தாண்ட வந்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்க வேண்டும். இரவிலும் மூடுபனியிலும் ஊருக்கு வெளியே ஒளிரும் மேலாடை கட்டாயம். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசம் கட்டாயம்.

பன்னிரண்டு மணியை மறப்பது

பசியோடு இரண்டு மணிக்கு ஊருக்குள் வந்து சாப்பாடு தேடினால் கிடைக்காது. பகல் உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள். அந்த நேரத்தில் மளிகைக்கடை மூடியிருக்கும், தேவாலய ஓவியம் பார்க்கும் இடங்கள்கூடச் சில மூடியிருக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் எதுவும் இல்லை. திங்கட்கிழமை ரொட்டிக்கடைக்கே விடுமுறை விடும் ஊர்கள் நிறைய. மே மாதத்தில் 1-ஆம் தேதி, 8-ஆம் தேதி, அப்புறம் கிறிஸ்து விண்ணேறிய வியாழன் என்று விடுமுறைகள் வரிசையாக வரும்.

அதனால் கிளம்பும்போதே ரொட்டியும் மாகோன் பகுதி ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள். க்ளூனியில் சனிக்கிழமை காலை சந்தை கூடும். அன்றைக்கு அங்கே இருக்கும்படி நாளை அமைத்தால் ஊர் பார்ப்பதும் உணவு வாங்குவதும் ஒன்றாக முடியும்.

தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டம். பூக்களுக்கு ஊற்றுவதற்காகக் குழாய் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் ஊர்க் குடிநீர்தான். ‘ஓ நோன் பொத்தாப்ள்’ என்று எழுதியிருந்தால் குடிக்கத் தகாத நீர். துக்கத்தோடு யாராவது உள்ளே நின்றால் காத்திருந்து பிடியுங்கள்.

டயரும் பருவமும்

மெல்லிய பந்தய டயரோடு வர வேண்டாம். கோடையில் மாவட்டச் சாலைகளில் தார் தெளித்து, மேலே பொடிக்கல்லைக் கொட்டிவிட்டுப் போவார்கள். போகிற வருகிற வண்டிகள்தான் அதை அழுத்திச் சரியாக்கும். ‘கிராவியோன்’ என்ற பலகை தெரிந்தால் வளைவில் சாயாமல், முன் பிரேக்கைப் பிடிக்காமல் போங்கள். 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் இருந்தால் நிம்மதி. கியரும் சின்னதாக இருக்கட்டும். இங்குள்ள ஏற்றங்கள் நீளம் குறைவு, செங்குத்து அதிகம்.

எனக்குப் பிடித்த மாதம் செப்டம்பர். திராட்சை அறுவடை நடக்கும், காற்றே புளித்த இனிப்பாக மணக்கும். அப்போது தோட்டத்துச் சாலைகளில் டிராக்டர்தான் ராஜா, ஒதுங்கி வழி விடுங்கள். வேட்டைப் பருவம் தொடங்குவதும் அந்த மாதத்தில்தான், பிப்ரவரி வரை போகும். காட்டோரம் ‘ஷாஸ் ஆன் கூர்’ என்று பலகை வைத்திருந்தால் உள்ளே வேட்டை நடக்கிறது. மண் பாதைக்குள் இறங்காமல் தார்ச்சாலையிலேயே, கண்ணில் படும் நிறத்தில் உடை போட்டுப் போங்கள்.

வந்து சேருவதற்கு அதிவேக ரயிலைவிடப் பிராந்திய ரயில் சௌகரியம். அதிவேக ரயிலில் சைக்கிளைக் கழற்றி 130-க்கு 90 சென்டிமீட்டர் பையில் அடைக்கச் சொல்வார்கள், சைக்கிளைத் தொங்கவிடக் கொக்கி உள்ள ரயில் என்றால் இடம் முன்பதிவு செய்ய வேண்டும். தீஜோனிலிருந்து லியோன் பக்கம் போகும் பிராந்திய ரயிலில் சைக்கிளைக் கழற்றாமலே ஏற்றிக்கொண்டு தூர்னுவில் இறங்கலாம். நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் புனித ஃபிலிபேர் மடத்தின் கோபுரங்கள் தெரியும். அங்கிருந்தே டி 14 ஏறத் தொடங்கலாம்.