கேன்சர் ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படிக்கிறதுக்கு முன்னாடி பயாப்ஸி எங்க எடுத்தாங்கன்னு பாருங்க

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மியூட்டேஷன், அதாவது ஜீன்ல ஏற்பட்ட மாற்றம், இருக்கா இல்லையான்னுதான் எல்லாரும் தேடுவோம், அது இயல்புதான், ஆனா அதுக்கு முன்னாடி ஸ்பெசிமன்னு ஒரு வரி இருக்கும், அதைப் படிங்க. எந்த உறுப்புல எடுத்தது, எந்த தேதியில எடுத்தது, சாம்பிள்ல ட்யூமர் செல் எத்தனை சதவீதம்னு மூணு விஷயம் வேணும். சதவீதம் சில ரிப்போர்ட்ல இருக்காது, லேப்ல கேட்டு வாங்குங்க.

ஒரே கட்டியா இருந்தாலும் உள்ள எல்லா செல்லும் ஒண்ணு போல இருக்காது. ஆரம்பத்துலயே வந்த மியூட்டேஷன் எல்லா செல்லுலயும் இருக்கும், அப்புறமா வந்தது ஒரு ஓரத்துல மட்டும் இருக்கும். 2012ல வெளியான கிட்னி கேன்சர் ஆய்வுல ஒரே நோயாளிகிட்ட பல இடத்துல துண்டு எடுத்துப் பார்த்தாங்க, கிடைச்ச மியூட்டேஷன்கள்ல 63லேருந்து 69 சதவீதம் எல்லாத் துண்டுலயும் இல்ல. அதனால "கண்டறியப்படவில்லை"ன்னு போட்டிருந்தா அந்த ஊசி போன இடத்துல கிடைக்கலைன்னு மட்டும் எடுத்துக்கோங்க.

அடுத்தது விஏஎஃப்னு ஒரு சதவீதம், சாம்பிள்ல இருக்குற அந்த ஜீனோட காப்பிகள்ல எத்தனை சதவீதம் மாறியிருக்குன்னு சொல்றது. இதைப் பார்த்துதான் நிறைய பேர் வீணா பயப்படுறாங்க, இல்லன்னா வீணா சந்தோஷப்படுறாங்க, எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்குற இடம் இதுதான். ஒரு ஜீனுக்கு ரெண்டு காப்பி, அதுல ஒண்ணு மட்டும் மாறியிருக்கு, எல்லா கேன்சர் செல்லுலயும் மாறியிருக்குன்னு வைங்க, சாம்பிள்ல 60 சதவீதம் ட்யூமர் செல் இருந்தா விஏஎஃப் கிட்டத்தட்ட 30 வரும், அதே நோயாளிக்கு வேற இடத்துல எடுத்த துண்டுல 20 சதவீதம்தான் ட்யூமர், மீதி சாதாரண செல்லுன்னா 10தான் வரும். நோய்ல எதுவும் மாறல, எடுத்த இடம்தான் மாறியிருக்கு. ரெண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது ட்யூமர் சதவீதத்தையும் பக்கத்துல எழுதி வச்சுப் பாருங்க.

பெரிய கட்டியோட நடுப்பகுதி பல நேரம் செத்துப் போயிருக்கும், அங்க எடுத்தா நல்ல டிஎன்ஏ கிடைக்காது. எலும்புல எடுக்கப் போறாங்கன்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஜீன் டெஸ்ட்டுக்கு வேணும், ஸ்ட்ராங் ஆசிட்ல சுண்ணாம்புச் சத்தை எடுக்காதீங்க, ஈடிடிஏன்ற மென்மையான கெமிக்கல் முறையில பண்ண முடியுமான்னு, ஏன்னா ஆசிட் டிஎன்ஏவைச் சிதைச்சிடும்.

பழைய பிளாக்கை, அதாவது முன்னாடி எடுத்து மெழுகுல பதிச்சு வச்ச துண்டை, வச்சே டெஸ்ட் பண்ணலாமான்னு கேட்டா, அது எதுக்குன்றதைப் பொறுத்தது. நுரையீரல் கேன்சருக்கு எர்லோடினிப், ஜெஃபிடினிப் சாப்பிட்டு மருந்து கேக்காம போன பிறகு பாதிப் பேருக்கு மேல அந்த மருந்தை எதிர்க்கிற டி790எம்னு ஒரு மியூட்டேஷன் வருது, அதை மருந்துக்கு முன்னாடி எடுத்த துண்டுல தேடினா பெரும்பாலும் கிடைக்காது. மார்பகப் புற்றுநோய்ல ஈஎஸ்ஆர்1ன்ற ஜீன்ல வர்ற மியூட்டேஷனும் அதே கதைதான், ஹார்மோன் சிகிச்சைக்கு அப்புறம் பரவின இடத்துலதான் அதிகம் தெரியும். இப்போ வளர்ந்துக்கிட்டு இருக்குற இடத்துலேருந்து எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

ஊசி போட முடியாத இடம்னா ரத்தத்துல பண்ற லிக்விட் பயாப்ஸி இருக்கு, பல இடத்துக் கட்டியோட டிஎன்ஏவும் அதுல கலந்து வரும். ஆனா மூளையில மட்டும் பரவியிருந்தா ரத்தத்துல ரொம்பக் கம்மியா வரும், அதனால ரத்தத்துல இல்லைன்னு வந்தா, திசுவுலயும் பார்க்க முடியுமான்னு கேட்டுட்டு அப்புறம் மருந்தை முடிவு பண்ணுங்க.