மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும்? அதிபர் தேர்தல் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 நவம்பர் 6, புதன்கிழமை. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் நான் வழக்கமாகப் பசியாறும் ஒட்டுக்கடையில் எல்லோரும் தொலைக்காட்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் அப்போது செவ்வாய் இரவு, ஓட்டு எண்ணத் தொடங்கியிருந்தார்கள். "கமலாதான் வருவார், விவாதத்தில் பார்த்தோமே" என்று இரண்டு மாதமாக அந்த மேசையில் பேச்சு. நானும் அப்படித்தான் நம்பினேன். சாயங்காலம் தே தாரேக் குடிக்கத் திரும்பி வந்தபோது, ஊசலாடும் மாநிலமான பென்சில்வேனியாவும் டிரம்ப் பக்கம் போயிருந்தது.

எங்கோ நடக்கும் தேர்தல் என்று பினாங்குக்காரர்கள் இதைத் தள்ளிவிட முடியாது. 1972-இல் இன்டெல் இங்கே வந்ததிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் மூச்சு அமெரிக்காவோடு சேர்ந்தே ஓடுகிறது. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி டிரம்ப் மலேசியப் பொருள்களுக்கு 24 விழுக்காடு வரி என்று அறிவித்தார். ஆகஸ்டில் அது 19 விழுக்காடாக நின்றது. பென்சில்வேனியாவில் யாரோ ஒருவர் கடைசி வாரத்தில் மனம் மாறியதற்கும் இங்கே ஒருவருக்கு ஓவர்டைம் கிடைப்பதற்கும் தொடர்பு இருக்கிறது. அதனால்தான் அந்த யாரோ ஒருவரைப் பற்றி நாம் சரியாகப் பேசவேண்டும் என்று நினைக்கிறேன். நாம் பிரதமரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நம் தொகுதி வேட்பாளருக்குத்தான் ஓட்டுப் போடுகிறோம். ஒரே ஒரு ஆளை வைத்து ஒரு நாடே முடிவெடுப்பது நமக்குப் பழக்கமில்லாத விஷயம். நம் கணிப்புகள் பல இடங்களில் சறுக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முடிவெடுக்காதவர் தராசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பது

எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நம் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. மதில்மேல் பூனை வாக்காளர் இரண்டு தேர்தல் அறிக்கைகளையும் படிக்கிறார், இரு தரப்பையும் கேட்கிறார், நிறுத்துப் பார்க்கிறார், பிறகு முடிவெடுக்கிறார். 1940-இல் ரூஸ்வெல்ட்டும் வில்கியும் மோதிய அதிபர் தேர்தலின்போது, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவும் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் ஒரே ஆட்களை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேசினார்கள். அவர்கள் கண்டது அந்தப் படத்துக்கு நேர்மாறு. தேர்தலை உன்னிப்பாகக் கவனித்தவர்கள் முதலிலேயே முடிவெடுத்திருந்தார்கள். கடைசிவரை இழுத்தவர்களில் பலருக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. இன்னும் சிலர் இரு பக்கமும் இழுக்கப்பட்டவர்கள்: வீட்டில் ஒரு கட்சி, வேலையிடத்தில் இன்னொரு கட்சி, கோயிலில் வேறொரு பேச்சு. முடிவெடுத்தால் யாரோ ஒருவரிடம் முகம் கோணவேண்டி வரும். அதனால் தள்ளிப்போட்டார்கள்.

2022 பொதுத் தேர்தலில் பக்கத்து ஊரான பிறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேட்பாளர் முகவராக நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை எங்கள் பக்கத்துக் குடியிருப்பு அக்கா ஒருவர், நான் கேட்காமலே சொன்னார்: "வரிசையில நிக்கும்போதுதான் தம்பி முடிவு பண்ணேன். அதுவரைக்கும் ஒண்ணும் தோணல." தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். அப்பா ஆயுள் முழுக்க ஒரு கட்சி, கூட வேலை செய்பவர்கள் வேறு கட்சி. முன்னால் நின்றது அவருடைய தங்கை. அந்தப் பெண்ணுக்கு 18 வயதுதான், முதல் ஓட்டு. "அவ எதுக்குப் போடப்போறான்னு கேட்டேன், எனக்கும் அது சரின்னு பட்டுச்சு" என்றார்.

அவரைச் சோம்பேறி என்றோ விவரமில்லாதவர் என்றோ யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். பன்னிரண்டு மணிநேர வேலை முடித்துவிட்டு செராமா எனும் அரசியல் கூட்டத்துக்குப் போய் உட்கார அவருக்கு நேரம் எங்கே? நம்பிக்கையான ஒருவரிடம் கேட்டுக்கொள்வது அவருக்குக் கிடைத்த சுருக்கமான வழி. லாசர்ஸ்ஃபெல்ட் குழுவும் இதையே கண்டது. வானொலியும் பத்திரிகையும் சொன்னவை நேராக இவர்களிடம் போகவில்லை. அவற்றைக் கவனித்த ஓர் அண்ணன், ஒரு கடைக்காரர், ஒரு தோழி வழியாகத்தான் போயின.

அப்புறம் ஒன்று. "நான் எந்தக் கட்சியும் இல்லை" என்பவர் எல்லாம் முடிவெடுக்காதவர் அல்ல. அமெரிக்காவில் தம்மைச் சுயேச்சை என்று சொல்லிக்கொள்பவர்களில் பெரும்பாலோர், கொஞ்சம் தூண்டிக் கேட்டால், ஏதோ ஒரு கட்சிப் பக்கம் சாய்ந்தே இருப்பார்கள். உண்மையிலேயே நடுவில் நிற்பவர்கள் சிறு கூட்டம்தான்.

விவாதத்தில் ஜெயித்தவர் தேர்தலில் ஜெயிப்பார் என்பது

2024 செப்டம்பர் 10-ஆம் தேதி விவாதத்தைப் பார்த்தவர்களிடம் சிஎன்என் எடுத்த கணிப்பில் 63 விழுக்காட்டினர் கமலா ஹாரிஸே நன்றாகச் செய்தார் என்றார்கள். டிரம்புக்கு 37. ஆனால் ஊசலாடும் மாநிலங்கள் என்று சொல்லப்பட்ட ஏழும் டிரம்பிடம் போயின. 2012-இல் முதல் விவாதத்தில் ஒபாமா சோர்ந்துபோய் நின்றார், ரோம்னி பிரமாதப்படுத்தினார். அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் முடிவு 332-க்கு 206 என்று ஒபாமா பக்கம். காரணம் எளிது. ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்து விவாதம் பார்ப்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே முடிவெடுத்தவர். தன் ஆள் அடிக்கும்போது கைதட்ட வந்தவர்.

1960 கென்னடி–நிக்சன் விவாதக் கதையையும் கொஞ்சம் விட்டுவிடலாம். வானொலியில் கேட்டவர்களுக்கு நிக்சன் ஜெயித்தார், தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குக் கென்னடி ஜெயித்தார் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். அதற்கான ஆதாரம் மிக மெல்லியது.

விவாதம் ஒன்றுமே செய்யாது என்றும் சொல்லிவிடக் கூடாது. 2024 ஜூன் 27 விவாதம் பைடனையே போட்டியிலிருந்து இறக்கிவிட்டது. ஆனால் கவனியுங்கள்: அங்கே பதறியது அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். 1980 அக்டோபர் 28 வேறு வகை. தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று ரீகன் மக்களைப் பார்த்துக் கேட்டார். அந்த ஆண்டு அமெரிக்காவில் பணவீக்கம் 12 விழுக்காட்டுக்கு மேல். பதில் ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் இருந்தது, அவர் அதை எடுத்து மேசையில் வைத்தார். 44 மாநிலங்களை வென்றார்.

பணவீக்கம் குறைந்துவிட்டதே என்று கணக்குக் காட்டுவது

படித்தவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு இது. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 விழுக்காடு. 2024 செப்டம்பரில் 2.4. "பொருளாதாரம் சரியாகிவிட்டதே, மக்களுக்கு ஏன் இது தெரியவில்லை?" என்று பலர் கேட்டார்கள். மக்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். ஏறிய விலை ஏறியதுதான். எங்கள் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் ஒருமுறை விலை ஏறினால் அது மறுபடி இறங்கி நான் பார்த்ததில்லை. வாக்காளர் நினைவில் வைத்திருப்பது பழைய விலையை.

இதற்கு இலங்கையைவிடக் கூர்மையான சான்று கிடையாது. 2022-இல் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காடு. அந்த ஆண்டிலேயே அதிபரான ரணில் விக்ரமசிங்கவின் காலத்தில், 2024 செப்டம்பர் தேர்தல் வரும்போது அது ஒன்றுக்கும் கீழே வந்திருந்தது. ஏட்டில் பார்த்தால் அவர்தான் ஜெயித்திருக்க வேண்டும். 17 விழுக்காட்டோடு மூன்றாவதாக வந்தார். 2019-இல் வெறும் 3.16 விழுக்காடு வாங்கிய அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடு வாங்கி, இலங்கையில் முதன்முறையாக இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகு அதிபரானார். நெருப்பை அணைத்தவரையும் அந்தப் பழைய கூட்டத்தில் ஒருவராகத்தான் மக்கள் பார்த்தார்கள். அடுப்பு எரியாத நாள்களில் இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி.

"நம்ம ஆளு" கணக்கு

கமலாவின் தாயார் சென்னையில் பிறந்தவர். தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோயில் பூசையே நடந்தது. எங்கள் மேசையிலும் பெருமை இருந்தது, அது இயல்புதான். அந்தப் பெருமையை எடுத்துக்கொண்டுபோய் அமெரிக்காவாழ் இந்தியர்கள் அத்தனை பேர் கையிலும் வைத்துப் பார்த்ததுதான் தவறு. மிச்சிகனில் அரபு அமெரிக்கர் நிறைந்த டியர்போர்ன் நகரம் 2020-இல் பைடனுக்கு அள்ளிக் கொடுத்தது. காஸா போருக்குப் பிறகு, 2024-இல் அங்கே டிரம்ப் முதலில் வந்தார். ஒரு சமூகம் மொத்தமாக ஒரு பெட்டியில் கிடக்கிறது என்று எண்ணும் கட்சிதான் முதலில் அடிவாங்குகிறது.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 2024 செப்டம்பர் அதிபர் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் நின்றார். யாழ் மாவட்டத்தில் முதலில் வந்ததோ சிங்களரான எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச, மிகக் குறைந்த வித்தியாசத்தில். எட்டே வாரம் கழித்து, நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில், அதே மாவட்டத்தின் 6 இடங்களில் 3 அநுரவின் தேசிய மக்கள் சக்திக்குப் போயின. "தமிழர் ஓட்டு" என்று ஒரே வார்த்தையில் சொல்லும்போது இந்த எட்டு வாரத்தை யோசித்துக்கொள்ளுங்கள்.

நாடு முழுக்க எண்ணுவது

அமெரிக்காவில் மாநிலங்களுக்குப் பங்கிட்ட 538 தேர்வாளர் வாக்குகள், 270 வந்தால் அதிபர். பெரும்பாலான மாநிலங்களில் ஓர் ஓட்டு முந்தினாலும் அந்த மாநிலத்தின் வாக்குகள் அத்தனையும் அவருக்கே. 2016-இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் கூடுதலான ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் ஏறத்தாழ 78,000. புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கில் அவர்களை உட்காரவைத்தால் இடம் மிச்சமிருக்கும். 2020-இல் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றும் சேர்த்து 43,000. 2000-இல் புளோரிடாவில் 537. கருத்துக்கணிப்பில் "முடிவெடுக்கவில்லை" என்று 5 விழுக்காடு இருந்தால் அதைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். 2016-இல் கடைசி வாரத்தில் முடிவெடுத்தவர்கள் அந்த மாநிலங்களில் கூடுதலாக டிரம்ப் பக்கம்தான் போனார்கள்.

மூன்றாவது தேர்வை மறப்பது

மதில்மேல் பூனைக்கு இரண்டு பக்கம் மட்டுமில்லை. மதிலிலேயே படுத்துத் தூங்கிவிடவும் முடியும். அமெரிக்காவில் தகுதியுள்ளவர்களில் 2016-இல் சுமார் 60 விழுக்காடும் 2020-இல் சுமார் 66 விழுக்காடும் ஓட்டுப் போட்டார்கள். 1998-இல் ஆலன் கெர்பர், டொனால்டு கிரீன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஒரு சோதனை செய்தார்கள். வீட்டுக் கதவைத் தட்டி, நேரில் பேசி ஓட்டுப் போடச் சொன்னால் வாக்களிப்பு ஏறத்தாழ 9 விழுக்காட்டுப் புள்ளி கூடியது. தொலைபேசியில் சொன்னதற்குப் பலன் தெரியவில்லை. யாருக்குப் போடுவது என்பதை மாற்ற முடியுமா? ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் என்ற ஆய்வாளர்கள் 49 களச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பொதுத் தேர்தலில் பிரசாரத்தால் ஒருவரை எதிர்ப்பக்கம் இழுக்கும் சராசரிப் பலன் கிட்டத்தட்ட சுழியம்.

அதே இருவர் மயாமியில் செய்த இன்னொரு சோதனை 2016-இல் வெளிவந்தது. தேர்தலைப் பற்றியதல்ல, திருநர் மீதுள்ள வெறுப்பைப் பற்றியது. வாசலில் நின்று, தீர்ப்புச் சொல்லாமல், வீட்டுக்காரரின் அனுபவத்தைக் கேட்டு, சுமார் 10 நிமிடம் பேசியதில் வந்த மாற்றம் மூன்று மாதம் வரை நிலைத்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு நான் வாட்சாப்பில் பிரசாரச் செய்தி தள்ளிவிடுவதை நிறுத்திவிட்டேன். யாராவது "இன்னும் முடிவு பண்ணல" என்றால் "ஏன் பண்ணல?" என்று மடக்குவதில்லை. இந்த வருஷம் வீட்டில் எப்படிப் போகிறது என்று கேட்கிறேன்.

வாக்களிப்பு விகிதத்தை வைத்து அவசரப்படுவதும் வேண்டாம். 2018-இல் நம் நாட்டில் 82 விழுக்காடு, 2022-இல் 74. ஆர்வம் போய்விட்டது என்றார்கள். இடையில் 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் வந்து பட்டியல் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. உண்மையில் ஓட்டுப் போட்டவர்கள் 30 லட்சம் பேர் கூடியிருந்தார்கள்.

தேர்தல் முடிந்த பிறகு கேட்பது

வெற்றி பெற்றவருக்குப் போட்டதாகச் சொல்பவர்கள், உண்மையில் போட்டவர்களைவிடக் கூடுதலாக வருவது பல நாடுகளின் கணிப்புகளில் கண்ட பழைய சங்கதி. வேண்டுமென்றே பொய் சொல்கிறார்கள் என்பதில்லை, நினைவு அப்படி வளைந்துகொள்கிறது. பிறை அக்காவைச் சென்ற ஆண்டு தீபாவளிச் சந்தையில் பார்த்தேன். அந்தத் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தது. "நான் அப்பவே உறுதியா இருந்தேன் தம்பி, ஒரு வாரத்துக்கு முன்னாடியே" என்றார். அவர் அன்று மாலை சொன்னதை நான் அன்றிரவே குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். இல்லாவிட்டால் எனக்கும் அப்படியே நினைவிருந்திருக்கும்.