ஆட்டோமேட்டிக் கார் ஒரே கியரில் மாட்டிக்கொண்டால்: ஸ்பீடு சென்சாரைப் பார்ப்பது எப்படி

சிக்னலில் நின்று கிளம்பும்போது கார் முக்குகிறது, எவ்வளவு மிதித்தாலும் கியர் மாறவே இல்லை என்றால், கியர் பாக்ஸே போச்சு என்று பதற வேண்டாம். கியர் பாக்ஸில் உள்ள ஸ்பீடு சென்சாரிலிருந்து வேகத் தகவல் சரியாக வராதபோது கம்ப்யூட்டரே வண்டியை ஒரு கியரில் பூட்டிவிடும். லிம்ப் மோடு என்பது இதுதான்.

முதலில் பேட்டரி. இன்ஜின் ஓடாதபோது 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள், வோல்டேஜ் குறைந்தாலே கண்ட எரர் கோடும் (கோளாறு எண்) வரும்.

அப்புறம் ஸ்கேனர், அதாவது காரில் செருகி எரர் கோடைப் படிக்கும் கருவி. பி0715 வந்தால் இன்புட் ஸ்பீடு சென்சார் (கியர் பாக்ஸுக்குள் வரும் வேகம்), பி0720 வந்தால் அவுட்புட் ஸ்பீடு சென்சார் (வெளியே போகும் வேகம்). ஆனால் கோடு சொல்வது அந்த சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும்தான். நானும் ஒருமுறை கோடைப் பார்த்தவுடன் புது சென்சார் வாங்கி மாட்டினேன், கடைசியில் பார்த்தால் வயரை எலி கடித்திருந்தது.

அதனால் ஸ்கேனரில் லைவ் டேட்டாவை, அதாவது சென்சார் அந்த நேரத்தில் காட்டும் அளவைப் பாருங்கள். டார்க் கன்வர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் மூலம் இன்ஜின் சக்தியைக் கடத்தும் பாகம்) உள்ள வண்டியில் நியூட்ரலில் இன்புட் வேகம் பெரும்பாலும் இன்ஜின் ஆர்பிஎம்மை ஒட்டியே இருக்கும், பிரேக்கை அழுத்தியபடி டி-யில் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கும். நியூட்ரலிலும் பூஜ்யமே காட்டினால் சென்சாரோ வயரோ அவுட். ஏஎம்டி (மேனுவல் கியர் பாக்ஸில் கிளட்ச்சையும் கியரையும் கம்ப்யூட்டரே மாற்றும் வகை) வண்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே ஆயில் கசிந்திருக்கிறதா, பின் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்து கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சரியாகவில்லையா, மல்டிமீட்டரை எடுங்கள். இரண்டு வயர் காயில் வகை என்றால் ஓம் (மின்தடை) பாருங்கள், சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவு வர வேண்டும், ஓஎல் (OL, இணைப்பே இல்லை) என்று காட்டினால் காயில் அறுந்துவிட்டது. மூன்று வயர் உள்ளது பெரும்பாலும் ஹால் வகை (கரன்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும் எலக்ட்ரானிக் சென்சார்), அதற்கு ஓம் பார்த்துப் பயனில்லை. இக்னிஷனை ஆன் செய்து, வயர் பக்கக் கனெக்டரில் 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று பாருங்கள். அதுவே வரவில்லை என்றால் சென்சார் மேல் பழி போடாதீர்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், வண்டியைத் தூக்கி ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போகாதீர்கள், ஜாக்கை மட்டும் நம்பவே கூடாது. சென்சாரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுத்தான் போல்ட்டைக் கழற்ற வேண்டும். முனையில் மை போலப் பொடி ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம், உலோகச் சில்லுகள் இருந்தால் உள்ளே வேறு வேலை காத்திருக்கிறது. புது ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) அந்த ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் ஊற்றும் அதே ஆயிலைத் தடவி மாட்டுங்கள், அலுமினிய உறை என்பதால் போல்ட்டை வெறித்தனமாக இறுக்கினால் மரை போய்விடும். கோடை அழித்துவிட்டு எல்லாக் கியரும் மாறும்வரை ஓட்டிப் பாருங்கள்.

சில மாடல்களில் சென்சார் வால்வு பாடியோடு (கியர் மாற்ற ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) கியர் பாக்ஸுக்கு உள்ளே இருக்கும், ஆயில் பேனையே இறக்க வேண்டும். அதை வீட்டு வாசலில் செய்யாதீர்கள், ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள்.