மதுரை வெயிலில் ஓவர்கிளாக்கிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிராசசரை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங்குக்கு இணையத்தில் வழிகாட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் பல ஒரு விவரத்தைச் சொல்லாமலே கடந்துபோகின்றன: சோதனை நடந்த அறையில் எத்தனை டிகிரி வெப்பம் இருந்தது? குளிர்நாட்டில் 21 டிகிரி அறையில் உட்கார்ந்து ஒருவர் கண்டறிந்த எண்களை, சித்திரை மாதத்து மதுரையில், மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் அப்படியே பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் மதர்போர்டு மென்பொருளில்) பதிப்பதுதான் நம் பக்கத்தில் நடக்கும் முதல் தவறு. பெரிய தவறும் அதுவே.

கூலர் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், காற்றில் ஓடினாலும் திரவத்தில் ஓடினாலும், அறையின் வெப்பத்துக்குக் கீழே சிப்பைக் கொண்டுபோக அதனால் முடியாது. சிப்பின் வெப்பத்தை அறைக்குள் தள்ளிவிடுவது மட்டுமே அதன் வேலை. எனவே 21 டிகிரி அறையில் 80 டிகிரி காட்டும் பிராசசர், 38 டிகிரி அறையில் அதே சுமைக்கு 97 டிகிரியை நெருங்கும். இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் பலவற்றுக்கு உச்சவரம்பு 100 டிகிரி; ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. வரம்பைத் தொட்டதும் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்தைக் கூட்டப்போய், கூட்டாதவரைவிட மெதுவாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

மார்கழி இரவில் தேறிய அமைப்பு கத்திரி வெயிலில் தோற்பதற்கும் இதுவே காரணம். இரண்டு பருவங்களுக்கும் இடையே அறை வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் எளிதாக வரும். கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும் என்பதால், ‘ராத்திரிதானே’ என்று நம்பவும் இடமில்லை. சோதனையை மே மாதத்துப் பிற்பகலில், வழக்கமாக அறை எப்படி இருக்குமோ அப்படியே வைத்து நடத்துங்கள். குளிர்மாதத்தில் நடத்துவதாக இருந்தால் உச்சவரம்புக்குக் கீழே 15 டிகிரியாவது விட்டுவையுங்கள். தண்ணீர் ஊற்றும் ஏர்கூலரைத் திறந்த கேபினெட்டுக்கு நேராகத் திருப்பி வைப்பவர்களையும் பார்க்கிறோம். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரின் துளிகள் மதர்போர்டில் தெறித்தால், உலர்ந்த பிறகும் உப்பு அங்கேயே தங்கும். ஏர்கூலர் மனிதருக்கு மட்டும் இருக்கட்டும்.

அடுத்தது வோல்ட்டேஜ். கணினி நின்றுபோனால் வோல்ட்டேஜைக் கொஞ்சம் கூட்டு, மறுபடி நின்றால் இன்னும் கொஞ்சம் கூட்டு என்று போகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்ப்பதில்லை. பிராசசர் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். வோல்ட்டேஜுக்கோ அதன் வர்க்கத்துக்கேற்ப ஏறும். 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் ஓடுவதை 5.0 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்குக் கொண்டுபோனால் வேகம் 9 சதவீதம்கூடக் கூடுவதில்லை. மின்செலவும் அதோடு வரும் சூடும் சுமார் 38 சதவீதம் கூடிவிடும். அந்த 38 சதவீதமும் நம் அறைக்குள்தான் வந்து சேரும்.

வோல்ட்டேஜை ‘ஆட்டோ’வில் விட்டுவிட்டுப் பெருக்கெண்ணை (அடிப்படைக் கடிகார வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்ணை) மட்டும் ஏற்றுவதும் ஆபத்தே. கணினி எப்படியாவது ஓட வேண்டும் என்று மதர்போர்டு தேவைக்கு மேல் வோல்ட்டேஜை ஊட்டும். இதன் மறுபக்கம் லோடு லைன் கேலிபரேஷன் என்ற பயாஸ் அமைப்பு. சுமை ஏறும்போது வோல்ட்டேஜ் சற்று இறங்குவது வடிவமைப்பிலேயே இருப்பது. அதைத் தடுக்க இந்த அமைப்பை உச்சத்தில் வைத்தால், சுமை சட்டென்று விலகும் கணத்தில் நீங்கள் பதித்த அளவையும் தாண்டி வோல்ட்டேஜ் துள்ளும். நடுநிலை ஒன்றில் வைத்தாலே போதும்.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில கருகியும் உப்பியும் போனதாகச் செய்திகள் வந்தன. அதன் பிறகு எஸ்ஓசி வோல்ட்டேஜை (பிராசசருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி போன்றவற்றுக்குப் போவதை) 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாதபடி பயாஸ் அப்டேட்டுகள் வெளியாயின. ரேமை வேகப்படுத்தும் எக்ஸ்போ வசதியை இயக்கியதும் மதர்போர்டுகள் அந்த வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டிருந்தன. 2024இல் இன்டெல் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் பல, ஓவர்கிளாக் செய்யாமலேயே, மிகையான வோல்ட்டேஜால் நிலைகுலைந்தன. அந்த ஆகஸ்டில் வந்த 0x129 மைக்ரோகோடு (பயாஸ் வழியே பிராசசருக்குப் போகும் திருத்தம்), பிராசசர் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. அந்தத் தலைமுறைப் பிராசசர் வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பிக்காமல் ஓவர்கிளாக் பக்கமே போகக்கூடாது.

பயாஸைப் புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டு முடங்கிவிடக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளிலோ, கோடைமழை இடி இடிக்கும் மாலையிலோ அந்த வேலை வேண்டாம். யூபிஎஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் அதன் பின்பக்கத்தைப் பார்க்கட்டும். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யூபிஎஸ் பலவற்றின் உண்மைத் திறன் 360 வாட்தான். ஓவர்கிளாக் செய்த பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் எல்லாம் முழுச்சுமையில் இருக்கும்போது மின்சாரம் போனால், யூபிஎஸ் ஒரு முறை அலறிவிட்டு அடங்கிவிடும். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் இணைப்பே சரியாக இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பயாஸ் அப்புறம்.

சோதனையில் செய்யும் தவறுகளைத் தனியாகப் பேசியாக வேண்டும். பிராசசர் வேகம், ரேமை வேகப்படுத்தும் எக்ஸ்எம்பி அமைப்பு, வோல்ட்டேஜ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், நீலத்திரை வரும்போது குற்றவாளி யார் என்று தெரியாது. முதலில் ரேமைத் தனியாக மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைக் கொண்டு சோதித்து முடித்துவிட வேண்டும். பிறகு பிராசசரை 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றலாம். வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஒரு முறை ஓடி முடிந்தது, ஆகவே நிலையாக இருக்கிறது என்பது அவசர முடிவு. பிராசசருக்கு முழுச்சுமை கொடுக்கும் பிரைம்95 அல்லது ஓசிசிடியைச் சில மணி நேரமாவது ஓடவிட்டால்தான் கூலரும், மதர்போர்டின் மின்பகுதியும், கேபினெட்டுக்குள் இருக்கும் காற்றும் முழுதாகச் சூடேறும்.

அதிலும் தேறிவிட்டு, சும்மா இருக்கும்போது கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும் வழக்கு ஒன்று உண்டு. ரைசனில் வோல்ட்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரை அளவுக்கு மீறிக் கீழே இறக்கினவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. லேசான வேலையில் ஒரே ஒரு கோர் உச்சவேகத்துக்குப் பாயும் தருணத்தில்தான் அது விழும். எல்லாக் கோர்களும் ஒன்றாக உழைக்கும் சோதனை அதைக் காட்டாது. கோர் கோராகச் சோதிப்பதும், விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ (வன்பொருள் பிழை) பதிவுகள் விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் அவசியம். கணினி நின்றுபோனால்கூட நல்லது, தெரிந்துவிடும். நிற்காமலேயே கோப்புகளைச் சிதைக்கும் ரேம்தான் கொடியது. முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் மூலப்பதிவுகளை வேறொரு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளாமல் எந்தச் சோதனையிலும் இறங்க வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. வாங்குவதற்கு முன்பே பாருங்கள்: இன்டெல்லில் பெருக்கெண்ணை ஏற்ற, பெயரில் ‘கே’ உள்ள பிராசசரும் இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும், ரைசனில் பெரும்பாலானவை பூட்டில்லாமல் வந்தாலும் ஏ520, ஏ620 போர்டுகள் இடம்கொடுக்காது. திரவக் கூலர் மாட்டினால் மதர்போர்டின் மின்பகுதிக்குக் காற்று போவது குறையும். அங்கே ஹீட்சிங்க்கே இல்லாத மலிவு போர்டில் அதுதான் முதலில் தவிக்கும். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை) நம்பி இந்த விளையாட்டு கூடாது. தூசி அடைந்த ஃபேனுடனும் கூடாது. ஓவர்கிளாக்கினால் வரும் சேதத்தை வாரன்ட்டி பொதுவாக ஏற்காது.

மதுரையில் இருப்பவருக்கு என் பரிந்துரை எதிர்த்திசையில்தான்: வேகத்தை அப்படியே விட்டு, வோல்ட்டேஜைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பாருங்கள். இன்றைய பிராசசர்கள் தங்கள் உச்சத்துக்கு அருகில்தான் விற்பனைக்கு வருகின்றன. வெப்பமும் மின்வரம்பும் இடம்கொடுத்தால் தாமாகவே வேகத்தைப் பிடிக்கும். சூடு ஐந்தாறு டிகிரி இறங்கினால் பிற்பகலிலும் அந்த வேகம் நிற்கும், ஃபேன் சத்தமும் குறையும்.

எதைச் செய்தாலும், திரையே வராமல் போகும் நாளுக்கு ஆயத்தமாக இருங்கள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள வட்டமான சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் பெரும்பாலான போர்டுகளில் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். பயாஸ் அமைப்பை அழிப்பதற்கான கிளியர் சிமாஸ் முள்கள் மதர்போர்டில் இருந்தால் இன்னும் எளிது. முன்பே பயாஸ் பக்கங்களைச் செல்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் ஃபேன் அமைப்பையும் பூட் வரிசையையும் திரும்ப நினைவுபடுத்தித் தேட வேண்டியதில்லை. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்த 48 இலக்க எண்ணை அதே கணினியில் சேமித்து வைத்திருந்தால் பயனில்லை, தாளில் எழுதி வையுங்கள்.