ஏற்காட்டு மேகம் எந்த உயரத்தில் நிற்கும்? கணக்கு நீங்களே போடலாம்

மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரிகிற சேலத்தில் இருக்கிறோம், அதனால் மலை எப்படி மழையைக் கொண்டுவருகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

போனில் வானிலை ஆப்பைத் திறந்து வெப்பநிலை, டியூ பாயிண்ட் (காற்றிலுள்ள ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறின பிறகு பாருங்கள், விடிகாலையில் இந்தக் கணக்கு சரிப்படாது. வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் தரையிலிருந்து எத்தனை மீட்டரில் மேகத்தின் அடி நிற்கும் என்று ஏறக்குறைய வந்துவிடும். 32, 24 என்றால் வித்தியாசம் 8, அதாவது 1,000 மீட்டர். சேலமே கடல் மட்டத்துக்குச் சுமார் 280 மீட்டர் மேலே இருக்கிறது, கூட்டினால் 1,280. ஏற்காடு அதைவிட உயரம், ஆகவே அன்றைக்கு ஊர் மேகத்துக்குள் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அங்கே பனி என்று நாம் சொல்வது பல நேரம் இந்த மேகம்தான்.

காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி குளிர்கிறது, ஈரம் துளியாக மாறத் தொடங்கிவிட்டால் அந்தத் துளிகளே வெப்பத்தை வெளிவிடுவதால் குளிர்வது மெதுவாகிவிடும்.

சரி, அடுத்தது மழைமானி. நேர்ச் சுவருள்ள பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதையே புனலாகத் தலைகீழாக உள்ளே கவிழ்த்து வையுங்கள். அடியில் மேடுபள்ளம் இருக்கும், சமமாகிற வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்ஜியம் என்று கோடு போட்டு, அதற்கு மேல் ஸ்கேலால் அளக்க வேண்டும். மரமும் சுவரும் மறைக்காத இடமாகப் பாருங்கள். இதேபோல ஒன்றை ஏற்காட்டில் தெரிந்தவர் வீட்டிலும் வைக்கச் சொல்லி, இருவரும் தினமும் காலை 8:30-க்கு எழுதுங்கள், வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது.

ஜூனிலேயே தொடங்குவது ரொம்ப முக்கியம். தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடாகிக் காய்ந்துதான் நம்மிடம் வருகிறது, அதனால் கேரளத்தில் வெள்ளம் என்று செய்தி ஓடும்போது உங்கள் பாட்டில் காலியாக இருக்கலாம். அந்த நாளிலும் பூஜ்ஜியம் என்று எழுதிவையுங்கள். செப்டம்பர், அக்டோபரில் சாயங்கால இடி மழை பிடித்ததும் இரண்டு பாட்டிலுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பாருங்கள்.